ஒண்ணும் மாத்தல

அவன் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்வதால் அவனுக்கு இனிமேல் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஊருக்கே போய்விட்டான். ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. நான் தம்பி என்று கூப்பிட்டேன், அவன் அக்கா என்று கூப்பிட்டான். அதற்கு மேல் தெரிந்து யாருக்கு என்ன.

ஞாயிற்றுக்கிழமை மதியம் படியேறி வருவான். செருப்பைக் கழற்றி வாசல் பக்கம் பார்த்த மாதிரி ஜோடியாகத் திருப்பி வைப்பான். தண்ணீர் குடிக்கிறியா என்று நான் கேட்பதற்குள் அவன் கேட்டுவிடுவான்.

"கடைசியா என்ன மாத்துனீங்க?"

எப்படி இருக்கீங்க கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது. மெஷினுக்கு என்ன கோளாறு என்றுகூடக் கேட்கமாட்டான். கோளாறை மெஷினே காட்டிவிடும், யார் அதில் கை வைத்தார்கள் என்பதை மட்டும் அது சொல்லாது, அதை மனுஷன்தான் சொல்லவேண்டும் என்பான். மனுஷன் லேசில் சொல்லமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் அதே கேள்வியை மூன்று தடவை கேட்பான். முதல் தடவை எல்லோரும் ஒன்றும் மாற்றவில்லை என்பார்கள். இரண்டாவது தடவை கோபப்படுவார்கள். மூன்றாவது தடவை, "ஆமா, போன வாரம்..." என்று இழுப்பார்கள். குரலை உயர்த்தாமல், முகத்தைச் சுளிக்காமல், சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி கேட்பான்.

இங்கே நம்மூர் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற தேக்காவில், ஊருக்குப் பணம் அனுப்புகிற கடை ஒன்றின் மாடியில், ஒற்றை அறையில் என் தொழில். வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை, கல்யாணத்தில் வெற்றிலை பாக்கோடு கொடுக்கும் சின்னச் சின்னப் பரிசுகள், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிற மரப்பொம்மைகள். எல்லாவற்றிலும் லேசரால் எழுத்து பொறித்துக் கொடுப்பேன். மெஷின் மேஜை மேல் அடங்குகிற சைஸ். பொழுதுபோகாதவர்கள் வீட்டில் வாங்கி வைத்து விளையாடுவதற்காகச் செய்த சாமான் அது. அதை நம்பி நான் பிழைப்பு நடத்தினேன் என்றால் எத்தனை தடவை அது மக்கர் பண்ணியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் ஆட்களைக் கூப்பிட்டால், இதெல்லாம் பொம்மை, நாங்கள் பார்ப்பதில்லை என்பார்கள்.

அவன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். இரும்புத் தகட்டைக் கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டுகிற பெரிய மெஷினை ஓட்டினான். பூன் லே பக்கம் தங்கும் விடுதி. வேலையை விட்டுப் போகிற சூப்பர்வைசர் ஒருவருக்குப் பேனாப் பெட்டியில் பெயர் பொறிக்கவேண்டும் என்று முதல் தடவை வந்தான். அந்த வாரம் என் மெஷின் வட்டம் போடச் சொன்னால் முட்டை போட்டுக்கொண்டிருந்தது. கெட்டுப்போன பலகைகளைக் குப்பைக்கூடையில் மறைத்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைக் குனிந்து எடுத்தான்.

"இது வட்டமாக்கா?"

"வட்டம்தான். அதுக்கு இன்னைக்கு மூடு சரியில்ல" என்றேன்.

சிரிக்கவில்லை. கடைசியா என்ன மாத்துனீங்க என்றான். யாருடா இவன், வந்த வேலையைப் பார்க்காமல், என்று எனக்கு எரிச்சல். ஒன்றும் மாற்றவில்லை என்றேன். மறுபடி கேட்டான். வள்ளென்று விழுந்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது ஞாபகம் வந்தது. புகை வாடை தாங்காமல் மெஷினைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்திருந்தேன். அவன் குனிந்து பார்த்தான். மெஷினின் ஒரு கால் தரையில் ஓடும் ஒயர் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. சட்டம் முழுதும் அந்த அளவுக்குக் கோணிப்போயிருந்தது. ஒயரை இழுத்துவிட்டான், வட்டம் வட்டமாக விழுந்தது.

"இடத்தை மாத்துறதும் மாத்துறதுதான்கா" என்றான்.

அன்றைக்கு அவனிடம் சொன்னேன்: இனிமேல் நீ ஒரு தடவை கேள், நான் உண்மையைச் சொல்கிறேன், மூன்று தடவை கேட்டு என் உயிரை வாங்காதே. சரி என்று தலையாட்டினான். அன்றிலிருந்து மற்றவர்களிடம் மூன்று, என்னிடம் ஒன்று. எனக்கு அதில் பெருமை. வேறு ஆட்கள் முன்னால் அவன் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போது, பார்த்தீங்களா என்பது போல நிமிர்ந்து உட்காருவேன்.

சம்பளம் என்று எதுவும் வாங்கமாட்டான். கீழே போய் நான் வாங்கி வரும் பிரியாணிப் பொட்டலம் மட்டும். காசு வாங்கினால்தான் வேலை, வாங்காவிட்டால் சும்மா உதவி என்று அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான். வேலை பெர்மிட்டில் வந்த ஆள் தன் கம்பெனியைத் தவிர வேறு இடத்தில் வேலை பார்க்கக்கூடாது, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சட்டம் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

அவனோடு வேலை செய்வது லேசு இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். பெல்ட்டை இழுத்துக் கட்டினால் அதோடு நிறுத்தி ஓட்டிப் பார்ப்பான். சரியாகவில்லை என்றால் பெல்ட்டைப் பழைய இடத்துக்கே தளர்த்திவிட்டு அடுத்ததைத் தொடுவான். ஒரு தடவை பொறுமை கெட்டு நானே பெல்ட்டை இழுத்து, கேபிளை மாற்றி, ஸ்க்ரூவை எல்லாம் முறுக்கி வைத்தேன். மெஷின் சரியாகிவிட்டது. அவன் வந்ததும் முதல் கேள்விக்கே பெருமையாக மூன்றையும் சொன்னேன். உட்கார்ந்து மூன்றையும் அவிழ்த்தான்! நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினை மறுபடி கெடுத்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பூட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் உனக்கென்ன கிறுக்கா என்று கத்திவிட்டேன்.

"எதனால சரியாச்சுன்னு தெரியலைன்னா அது சரியானதே இல்லக்கா" என்றான். "அது சும்மா ஒளிஞ்சிருக்கு."

கேபிள்தான் காரணம் என்று கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது. கண்டுபிடித்ததும் மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, என்ன கோளாறு, என்ன காரணம் என்று பேனாவால் எழுதி மெஷின் பக்கவாட்டில் ஒட்டினான். அது அவன் வழக்கம். நாளைக்கு வேறு யார் வந்து திறந்தாலும் தெரியவேண்டுமாம். என் மெஷின் உடம்பெல்லாம் மஞ்சள் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

மனுஷர்களையும் அப்படித்தான் பார்த்தான். விடுதியில் அறைக்காரன் ஒருவனுக்கு வயிற்று வலி என்றால், கடைசியா என்ன மாத்துன என்று கேட்டு, புதிதாக வாங்கிய எண்ணெய் டின்னில் கொண்டுபோய் நிறுத்துவான். ஊரிலிருந்து மனைவி போனில் அழுதால் அவளிடமும் இதே கேள்வி. அவள் போனை வைத்துவிடுவாளாம். அதில் என்ன தப்பு என்று என்னிடம் நிஜமாகவே கேட்டான். உன் பெண்டாட்டி என்ன மெஷினா என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, மெஷினாக இருந்தால் கேள்விக்குப் பதில் வந்திருக்குமே என்றான். அவன் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் வேடிக்கைதானா என்று தெரியாது.

புக்கிட் மேராவில் எனக்கு மரப்பலகை வெட்டித் தருகிற சீன அங்கிள் ஒருவர் உண்டு. ஓய்வு பெற்றவர், வீட்டில் ஓர் அறையில் மரம் குடைகிற மெஷின் வைத்திருக்கிறார். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, பாதி வேலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். நான்தான் அவனை அழைத்துப் போனேன். அங்கிளிடமும் அதே கேள்வி, அவன் இங்கிலீஷில்: "அங்கிள், லாஸ்ட் யூ சேஞ்ச் வாட்?"

"நத்திங் சேஞ்ச் லா. ஆல் சேம்" என்றார் அவர்.

மூன்றாவது தடவைக்கு, மகன் வாங்கிக் கொடுத்த புதுத் தூசி உறிஞ்சியைக் காட்டினார். அதன் பிளாஸ்டிக் குழாயில் மரத்தூள் உரசி உரசி மின்சாரம் சேர்ந்து, அது துள்ளி மெஷினின் மூளையைத் தட்டிவிட்டிருக்கிறது. குழாய் நெடுக ஒரு செப்புக்கம்பியைச் சுற்றித் தரைக்கு இறக்கினான். அதோடு நின்றது. அங்கிளுக்கு மெஷினைச் சுற்றி ஒரு பெட்டியும் கட்டிக் கொடுத்தான், கதவைத் திறந்தால் குடைகிற முனை அந்த நொடியே நிற்கிற மாதிரி சுவிட்ச் வைத்து.

திரும்பி வரும்போது ரயிலில்தான், ஏன் இப்படிக் கேட்டே உயிரை எடுக்கிறாய் என்று அவனைக் கேட்டேன். இங்கே வருவதற்கு முன்னால் ஊர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தானாம். தகடு அழுத்துகிற மெஷின். கை உள்ளே இருந்தால் இறங்காத மாதிரி அதற்கு ஒரு தடுப்பு இருந்தது. வேலை வேகமாக ஓடவேண்டும் என்று யாரோ ஒரு துண்டு ஒயரை வைத்து அதை ஏமாற்றிவிட்டார்கள். அடுத்த ஷிப்டில் வந்த ஆளுக்கு நான்கு விரல் போயிற்று. முதலாளி வரிசையாக நிறுத்திக் கேட்டபோது எல்லோரும் ஒன்றும் மாற்றவில்லை என்றார்கள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்றேன்.

"தெரியல. அந்த ஆளு இன்னும் அவன் கையை அவனே தப்பா வச்சான்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்" என்றான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் செய்தேன். அதனால்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் அதிகமாகி, பழைய லேசர் போதாமல், நான்கு மடங்கு வலுவான புது லேசர் தலை ஒன்றை வாங்கினேன். மூடி இல்லாமல் அதைப் பூட்டமாட்டேன் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். அங்கிளிடம் பலகை வெட்டி, லேசர் ஒளியை வடிகட்டுகிற ஆரஞ்சு நிற அக்ரிலிக் தகட்டில் ஜன்னல் வைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெட்டி கட்டினான். மூடியில் ஒரு சின்னக் காந்தம், பெட்டி விளிம்பில் ஒரு சுவிட்ச். மூடியிருந்தால் காந்தம் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும், லேசர் எரியும். திறந்தால் காந்தம் விலகிவிடும், லேசர் அணைந்துவிடும். கட்டி முடித்ததும் இருபது தடவை திறந்து திறந்து மூடினான். இருபது தடவையும் அணைந்தது. அன்றைக்கு ஒரு நாள் அவன் முகத்தில் கொஞ்சம் திருப்தி பார்த்தேன்.

எனக்கு அந்த மூடி பெரிய தொல்லை. ஒரு கல்யாணத்துக்கு எவர்சில்வர் குங்குமச் சிமிழ்கள் வந்தன, ஒவ்வொன்றின் மேலும் பெண் மாப்பிள்ளை பெயர். தட்டில் ஐந்து ஐந்தாக வைத்து அடிக்கவேண்டும். ஒரு மூலையில் லேசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுமூலையில் முடிந்ததை எடுத்துப் புதிதை வைத்தால் பாதி நேரம் மிச்சம். ஆனால் மூடியைத் திறந்தால் எல்லாம் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். குளிர்பெட்டிப் பொம்மைகளுக்குப் பின்னால் ஒட்ட நான் பொட்டு சைஸில் காந்தங்கள் பாக்கெட் பாக்கெட்டாக வைத்திருப்பேன். அதில் ஒன்றை எடுத்துச் சுவிட்ச் பக்கத்தில் ஒட்டினேன். மெஷின் மூடி எப்போதும் மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான், வேலை பறந்தது. லேசர் ஒளியைத் தடுக்கிற பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் திறந்தேன். எனக்குப் புத்தி இருந்தது, என் கண்ணுக்கு மட்டும்.

கடைசித் தட்டுகளில் எழுத்து ஒரு பக்கம் மங்கலாக விழ ஆரம்பித்தது. மறுநாள் காலை சாமான் கல்யாண வீட்டுக்குப் போயாகவேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. கூப்பிட்டேன், வந்தான், செருப்பைத் திருப்பி வைத்தான்.

"கடைசியா என்ன மாத்துனீங்க?"

காந்தத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் அதை எடுப்பான். பிறகு மற்ற எல்லாவற்றையும் அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்பான், நாள் போய்விடும். அதோடு, அவன் இருபது தடவை திறந்து மூடிப் பார்த்த பெட்டியை நான் ஏமாற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

"ஒண்ணும் மாத்தல தம்பி" என்றேன்.

தலையாட்டினான். என்னிடம் ஒரு தடவைதானே.

மூடியை மூடி, ஓடவிட்டு, ஆரஞ்சு ஜன்னல் வழியாகப் பார்த்தான். அந்த ஜன்னலும் பச்சைக் கண்ணாடியும் சேர்ந்தால் ஒன்றுமே தெரியாது, கும்மிருட்டு. அதனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான். மூடி மூடியிருக்கும்போது அப்படித்தான் செய்வான், அதில் தப்பே இல்லை. நான் பின்னால் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். எங்கே மங்குகிறது என்று கிட்டத்தில் பார்க்க அவன் மூடியைத் திறந்திருக்கிறான். லேசர் நின்றிருக்கவேண்டும். சிமிழின் மூடி வளைவானது, கண்ணாடி மாதிரி பளபளப்பு. நீலமாக ஒரு வெளிச்சம் சுவரில் ஓடியது. நான் திரும்பிப் பார்த்தபோது இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றான். கத்தவில்லை. மற்றொரு கையால் ஸ்டாப் பட்டனை அழுத்தியிருந்தான்.

கண்ணைக் கழுவப் பின்பக்கம் போனான். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெஷினிடம் போய்க் காந்தத்தைப் பிய்த்து எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். பதற்றத்தில் செய்தேன் என்று பின்னால் எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பையின் ஜிப்பை இழுத்து மூடவும் மறக்கவில்லை.

வந்து சுவரில் தொங்கிய காலண்டர் முன்னால் நின்றான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், மற்றதை மூடிப் பார்த்தான். மறுபடி முதல் கண். அதிலும் ஒரு நேரத்தில் ஒன்று. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வலது கண்ணுல நீங்க நல்லாத் தெரியிறீங்க. இடதுல உங்க முகம் மட்டும் இல்லக்கா. காதுத் தோடு தெரியுது."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். எங்கே நடந்தது என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்றான். என் பெர்மிட்டும் போகும், உங்களுக்கும் கேஸ் ஆகும், வேண்டாம் என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. ஒரு மனுஷன் கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே நிற்கிறான், எனக்கு நிம்மதி. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அவன் பச்சைக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மெஷினை ஓடவிட்டு மூடியைத் திறந்தான். லேசர் அணைந்தது. மூடினான், திறந்தான், அணைந்தது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக அணைந்தது.

"சுவிட்ச் நல்லாத்தான்கா இருக்கு" என்றான். "அப்ப ஏன் நிக்கல?"

நான் தெரியலையே என்றேன்.

லென்ஸில் புகை படிந்ததுதான் மங்கலுக்குக் காரணம். ஒற்றைக் கண்ணோடு அதையும் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான். போகிறதுக்கு முன்னால் டேப் கிழித்து எழுதி ஒட்டினான்: மூடி திறந்தும் லேசர் நிற்கவில்லை. காரணம் தெரியவில்லை. குங்குமச் சிமிழ்கள் மறுநாள் காலை சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கண் சரியாகவில்லை. கம்பெனி அனுப்பிய டாக்டர், உள்ளே நடுவில் கருகிப்போயிருக்கிறது, இனி வராது என்றார். சூரியனைப் பார்த்தாயா, வெல்டிங் பார்த்தாயா, லேசர் ஏதாவது பட்டதா என்று கேட்டாராம். ஒன்றும் இல்லை சார், தூங்கி எழுந்தேன், இப்படி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். டாக்டர் மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடி ஒன்றும் இல்லை. என்னிடம் அதைச் சொல்லும்போது அவனுக்குத் தலை நிமிரவில்லை. "நானே அப்படிச் சொல்லிட்டேன்கா" என்றான்.

பட்டறையில் அவனைத் தகடு வெட்டுகிற மெஷினிலிருந்து எடுத்து, கழிவு இரும்பு பொறுக்கப் போட்டார்கள். பெர்மிட் முடிகிற மாதம் புதுப்பிக்கவில்லை.

அதுவரை இருந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவன் என்ன செய்தான் தெரியுமா? தான் கட்டிக் கொடுத்த பெட்டிகளைத் தேடித் தேடிப் போனான். அங்கிளுடையதைச் சேர்த்து மூன்று. தன் கட்டுமானத்தில் தனக்குத் தெரியாத ஏதோ தப்பு இருக்கிறது, அது மற்றவர்கள் வீட்டிலும் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தான். எல்லாவற்றிலும் சுவிட்சைக் கழற்றி, இரண்டிரண்டாக மாட்டினான். முகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நல்ல கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய், ஸ்க்ரூவின் தலை தெரியாமல் டிரைவரால் தடவித் தடவி. நானும் கூடப் போனேன். அங்கிளுக்குப் புரியவில்லை. வேலை செய்கிறதே, எதற்கு மாற்றுகிறாய் என்று கேட்டார்.

"ஐ டோண்ட் நோ அங்கிள்" என்றான். "தட் இஸ் ஒய்."

அன்றைக்கு ரயிலில் என் வாய்வரை வந்தது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், எதிர் ஜன்னலைப் பார்த்து ஒரு கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு. ஒரே ஒரு வார்த்தை. தேக்கா வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.

ஊருக்குப் போகிறதுக்கு முந்தின ஞாயிறு சொல்லிக்கொள்ள வந்தான். மைலோ டின், பிஸ்கட், அவன் மகளுக்குப் பாவாடைத் துணி என்று ஒரு பை நிறையக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மெஷின் முன்னால் நின்றான்.

"நான் கட்டின பெட்டிக்கா இது. நல்லவேளை என் கண்ணோட போச்சு. உங்களுக்கு ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அப்போதும் நான் சொல்லவில்லை. பத்திரமாகப் போ தம்பி என்றேன்.

ஊரிலும் அவன் விடவில்லை. அங்கேயும் ஆட்கள் ஆன்லைனில் இந்த மாதிரிச் சின்ன மெஷின்களை வாங்கிப்போட்டு விழிக்கிறார்களாம், அவற்றை ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு ஒரு குரல் பதிவு வரும். "அக்கா, ஒரு யோசனை. ஒயர் மடங்கி உள்ளுக்குள்ள ஒட்டிக்கிட்டிருக்குமோ?" அடுத்ததில், "சூட்டுல சுவிட்ச் ஒட்டிக்கிட்டு, அப்பறம் ஆறினதும் விட்டிருக்குமோ?" ஒரு பதிவில் ஒரு காரணம்தான். அதை அங்கே செய்து பார்த்து, இல்லை என்று முடிவான பிறகுதான் அடுத்தது வரும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரே பதிலை அனுப்பினேன். இருக்கலாம் தம்பி.

போன சனிக்கிழமை மதியம் ஒரு படம் வந்தது. நான் தெம்பனிஸில் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு ஜன்னல் வைத்த பெட்டி, அளவுகூட மாறாமல் என் பெட்டியேதான். உள்ளே அதே லேசர் தலை, எங்கேயோ பழையதாகப் பிடித்திருக்கிறான். தட்டில் ஒரு எவர்சில்வர் சிமிழ்.

பின்னாலேயே குரல். "நாளைக்கு இதை நூறு தடவை திறந்து பாக்கப்போறேன்கா. ஒரு தடவையாவது நிக்காமப் போகும்ல, அப்பப் புடிச்சிருவேன்."

கண்ணாடி போட்டுக்கொண்டுதானே செய்வாய் என்று எழுதினேன். இருக்கிற ஒரு கண்ணில் கண்ணாடியையும் போட்டால் பொறி எங்கே விழுகிறது என்று தெரியவில்லை, போடாமல்தான் பார்க்கவேண்டும் என்று பதில் வந்தது.

மடித்த துணி மேலேயே உட்கார்ந்தேன். நூறு தடவையும் அது அணையும் என்று எனக்குத் தெரியும். நூறு தடவை அணைந்தால் அவன் இருநூறு தடவை திறப்பான். ஒயரை மடக்குவான், சூடேற்றுவான், ஒரு நாள் அதை நிற்காமல் போகச் செய்தே தீருவான். அப்போது குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

எழுதினேன். தம்பி, சுவிட்சில் தப்பு இல்லை, பெட்டியில் தப்பு இல்லை. நான்தான் சுவிட்ச் பக்கத்தில் ஒரு காந்தம் ஒட்டியிருந்தேன். நீ கேட்டபோது பொய் சொன்னேன். திறக்காதே.

இரண்டு டிக்கும் நீலமானது, படித்துவிட்டான். எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"எந்தப் பக்கம் ஒட்டுனீங்க?"

இடது பக்கம், சுவிட்சுக்குக் கீழே என்று எழுதினேன்.

"எப்ப எடுத்தீங்க?"

நீ கண் கழுவப் போனபோது என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி அதையே எழுதி அனுப்பினேன்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அழைப்பான் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அழைக்கவில்லை.

"வேற ஏதாவது மாத்துனீங்களா?"

இல்லை தம்பி, அது ஒன்றுதான், சத்தியமாக என்று எழுதினேன்.

பதில் வந்தது. சொல்லுக்குச் சொல் அதே.

"வேற ஏதாவது மாத்துனீங்களா?"

இல்லை என்றேன்.

பிறகு மூன்றாவது தடவையும் கேட்டான்.